ஒ.சே. என்று எழுதிய சீட்டு

தளி சாலையில்
பட்டுக்கூடு வைத்திருந்த கிடங்கின் பின்னறை.
இப்போது சீஸ் வைத்திருக்கிறோம்.
சுவரில் இன்னும் புழுவின் வாடை மிச்சம்.
உள்ளே பதினோரு டிகிரி,
கரண்ட் இருந்தால்.

ஒரே காலைப் பாலில் நான்கு வட்டு.
முனிராஜுவின் மூன்று மாடு கறந்தது
(நான்கு என்பான்,
ஒன்று கன்று ஈனவே இல்லை).
முதலாவதில் கற்பூரவல்லி,
இரண்டாவதில் நொச்சி,
மூன்றாவதில் மரிக்கொழுந்து:
ஓசூர் பூ மார்க்கெட்டில் விலை போகாமல்
ஈரச் சாக்கில் திரும்பி வந்த கட்டு.
நிழலில் உலர்த்தி, பொடித்து, ஊறவைத்து,
மூன்று முறை வடிகட்டி,
கிலோவுக்கு ஐந்து மில்லி.

நான்காவதில் எதுவுமில்லை.
தஸ்லீமா அதன் சீட்டில்
ஒ.சே. என்று எழுதினாள்.
ஒன்றும் சேர்க்காதது.
யாரோ ஒருவரின் இனிஷியல் போல இருந்தது.

ஒன்பதாம் நாள்
ஒ.சே.யின் விளிம்பில் சாம்பல் பூத்தது.
பன்னிரண்டாம் நாள் பச்சை.
அதன் பிறகு நிறத்துக்கு
நோட்டில் பெயரில்லை.
தஸ்லீமா கண்ணாடித் தட்டைத் தூக்கி
வெளிச்சத்தில் புள்ளி எண்ணுவாள்.
முன்னூறு தாண்டினால்
எண்ண வேண்டாம் என்பது விதி.
அவள் எண்ணுவாள்.

நொச்சி வட்டில் ஒரு புள்ளியும் இல்லை.
சந்தோஷப்பட்டு வெட்டினோம்.
ரப்பர்.
புளிப்பு இல்லை, முதிர்ச்சி இல்லை,
மூன்று வாரம் கழித்தும்
நேற்றுத் திரிந்த பால்தான்.
"பூஞ்சையைக் கொல்லச் சொன்னோம்க்கா,
உறையையும் சேர்த்துக் கொன்னுடுச்சு.
யாரு நம்ம ஆளுன்னு
இலைக்கு எப்படித் தெரியும்?"

கற்பூரவல்லியைத் தின்றால்
இருமல் மருந்து.
அதைப் பற்றி இனிப் பேச வேண்டாம்.

மரிக்கொழுந்து மட்டும் தேறியது.
தோல் சுத்தம். உள்ளே மெல்லிய புளிப்பு,
கத்தியில் ஒட்டும் பதம்.
பெங்களூரிலிருந்து ஒருவர் வந்தார்,
பன்னிரண்டு கடைக்காரர்.
ஒரு துண்டு வாயில் போட்டார்,
மென்றார்,
மெல்வதை நிறுத்தினார்.
"நல்லாதான் இருக்கு" என்றார்
ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.
"போன மாசம் அப்பாவுக்குப் போட்ட மாலை
இதே வாசனை."

யாரும் பேசவில்லை.
தஸ்லீமாதான் மெதுவாக,
"எனக்கு எங்க அக்கா கல்யாணம், சார்."

கிளம்பும்போது செருப்பு மாட்டியபடி கேட்டார்:
"வாசனையை எடுத்துட்டு
வேலையை மட்டும் வைக்க முடியுமா?"
"வாசனைதான் சார் வேலை செய்யுது."
தலையசைத்தார். ஆர்டர் தரவில்லை.
விசிட்டிங் கார்டைத் தந்தார், இரண்டு.

அன்று இரவு கரண்ட் போனது.
ஜெனரேட்டருக்கு டீசல் தேடி
இருட்டில் கைவைத்துக்கொண்டு நடந்தேன்.
எந்தத் தட்டில் எது என்று தெரியவில்லை,
மூன்றாவதைத் தவிர.

அடுத்த தடவை ஐந்து மில்லி வேண்டாம்,
இரண்டரை.
பழைய நான்கையும் கழுவி வைக்கலாம் என்றாள்.
ஒ.சே.யை மட்டும் எறிய மனமில்லை எனக்கு.
அது கெட்டுப்போனதால்தான்
மற்றது கெடவில்லை என்று
யாரிடமாவது சொல்ல முடிகிறது.

காலையில் கேனோடு வந்த முனிராஜு
கதவிடுக்கில் அதைப் பார்த்துவிட்டான்.
"அது யார் பால்?"
"உங்க பால்தான்."
"பக்கத்துல இருக்கறது?"
"அதுவும் உங்க பால்தான்."
"அதுல என்ன போட்டீங்க?"
"மரிக்கொழுந்து."
"இதுல?"
"ஒண்ணும் போடல."

கேனைக் கீழே வைத்தான்.
ரொம்ப நேரம் பார்த்தான்.
பிறகு தோள் துண்டை எடுத்து
ஒ.சே.யின் மேல் போர்த்தி,
"சொசைட்டிக்காரங்க பார்த்துடப் போறாங்க" என்றான்.